ஆறிப்போன காபி

அன்புள்ள கண்ணம்மா,

ஜப்பானிலிருந்து ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. கால் வலி தேவலை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒசாகாவில் நம்பா ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிவிட்டு நீ ஆபீசுக்கு ஓடினாயே, கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கடைசி ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் போன பக்கமே நானும் போய் கேபிள் காரில் ஏறினேன். ஐந்தே நிமிஷம், பௌத்த மடங்கள் இருக்கிற கோயாசான் மலைமேல் இருந்தேன். பஸ் போகிற வழியில் ‘நியோனின்தோ’ என்று ஒரு மண்டபம். அந்தக் காலத்தில் பெண்கள் மலைக்குள் போகக்கூடாதாம். அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 1872இல் அரசாங்கம் தடையை எடுத்த பிறகும் மலை முழுசாகத் திறக்கப் பல வருஷம் ஆயிற்றாம். நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அதைத் தாண்டிப் போனேன்.

பெரிய சிவப்புக் கோபுரத்துக்குள் அந்த மலை பிட்சுகளுடைய குரு பரம்பரையை வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த மலையில் மடம் கட்டிய கூக்காயின் குருவுக்குக் குரு ஒருவர், அவருக்குக் குரு வஜ்ரபோதி. அவர் தென்னாட்டுக்காரர், காஞ்சிபுரத்தோடு தொடர்பு உள்ளவர். அப்பா இருந்திருந்தால் அரை மணி நேரத்துக்கு அங்கிருந்து நகர்ந்திருக்க மாட்டார்.

ராத்திரி மடத்திலேயே தங்கல். பூண்டு, வெங்காயம் இல்லாத சாப்பாடு. எள்ளில் செய்த தோஃபு என்று ஒன்று வைத்தார்கள். எள் என்றதும் நமக்கு வேறு ஞாபகம்தானே வரும்? ஆனால் வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது.

மறுநாள் ஓகுனோயின், அந்த மலையின் பெரிய இடுகாடு. இரண்டு கிலோமீட்டர் நடை, இரண்டு பக்கமும் வானம் தெரியாமல் தேவதாரு மாதிரி மரங்கள், அடியில் பாசி படிந்த சமாதிகள். இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்குமாம். கரையான் மருந்து அடிக்கிறவர்களின் சங்கம், தாங்கள் கொன்ற கரையான்களுக்கே ஒரு கல் நட்டிருக்கிறது. நம் வீட்டு நிலைப்படியில் நான் ஊற்றிய மண்ணெண்ணெயை நினைத்து அங்கே ஒரு கும்பிடு போட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. கூக்காய் 835இல் காலமானதாகச் சரித்திரம் சொல்லும். மலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பாதையின் கோடியில் இருக்கிற சமாதிக்குள் தியானத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். அதனால் தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது. ஆறு மணிக்கு என்னால் குளிரில் எழுந்திருக்க முடியவில்லை. பத்தரைக்குப் பார்த்தேன். வெள்ளை மரப்பெட்டியை இரண்டு பிட்சுகள் தூக்கி வர, முன்னால் பெரியவர் ஒருவர். வழியில் ஒரு சின்ன சந்நிதியில் நிறுத்துகிறார்கள். அங்கே இருப்பவர் ருசி பார்க்கும் ஜிசோ என்கிற போதிசத்துவர்! நம் வீட்டில் படையலை எச்சில் படாமல் வைப்போம், அவர்கள் ருசி பார்ப்பதற்கென்றே ஒரு சாமியை வைத்திருக்கிறார்கள். அப்புறம் பாலம் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். அதற்கு மேல் போட்டோ எடுக்கக்கூடாது. எனக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது, அப்பா படத்துக்கு முன்னால் நான் காபி வைத்ததைப் பார்த்து, “இன்னும் எதுக்கும்மா? ஆறினதும் நீதானே குடிக்கறே?” என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி போவதைப் பார்த்தபோது, நாலு வருஷமாகத்தானே நான் வைக்கிறேன் என்று இருந்தது.

இன்றைக்கும் வைத்தேன். ஆறினதும் நான்தான் குடித்தேன். சர்க்கரை ரொம்பத் தூக்கல், பாவம் அப்பா. அந்த ஜிசோ மாதிரி ஒருவர் நம் வீட்டுக்கும் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா