மூன்று மணி அலாரமும் உன் ராகிக் கஞ்சியும்

பொன்மலை,
திருச்சி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். மீனாவின் முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. வரதன் பேரனுக்குக் காது குத்தியாயிற்று. நீ வரவில்லை என்று அவன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். அவன் எதற்குத்தான் முணுமுணுக்கவில்லை, விடு.

ஃபோனில் சொன்னால் "சரிடா, பாக்கலாம்டா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

இடது புஜத்தின் பின்பக்கம் சுகர் சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து ரேவதி பணம் அனுப்பி வாங்க வைத்தாள். வெள்ளையாக ஒரு வட்ட வில்லை. தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, அதோடு வரும் பிளாஸ்டிக் கூட்டை வைத்து அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசி உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. முடியளவு மெல்லிய இழை ஒன்று மட்டும் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கிவிடுகிறது. அதில் ஒரு நொதி பூசியிருக்கிறது. சர்க்கரை பட்டால் துளி மின்சாரம் உண்டாகும். சர்க்கரை கூடக்கூட மின்சாரமும் கூடும். அதை எண்ணாக மாற்றி ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் பாராமல். ஒட்டி ஒரு மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும். இரண்டு வாரம் ஓடும். குளிக்கலாம், ஒன்றும் ஆகாது. திருச்சி வியர்வைக்குத்தான் ஓரம் கொஞ்சம் பெயர்ந்தது, மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். அரிப்பும் உண்டு.

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று எங்கள் அப்பா பெனடிக்ட் கரைசல் வைத்துப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக் குழாயில் 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டு சிறுநீர், அப்புறம் ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவிட வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏற அம்மாவின் குரலும் ஏறும். ஒரு குழாயை நீ உடைத்துவிட்டு வரதன் தலையில் கட்டினாய். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

முதல் சில நாள் எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல ஆகிவிட்டது. எதைத் தின்றாலும் ஃபோனைப் பார்ப்பது. "பசிக்குதான்னும் அதுலயே பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள் மீனா. மூன்று இட்லி 190-ல் கொண்டுபோய் விட்டது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் நீ ஊரெல்லாம் உபதேசம் செய்யும் ராகிக் கஞ்சி இருக்கிறதே, அது 226! "கேழ்வரகுடா, சுகரே ஏறாது" என்றாயே! மாவாக அரைத்துக் காய்ச்சிக் குழைத்துக் குடித்தால் அது எந்தத் தானியமாக இருந்தால் என்ன, விறுவிறுவென்று ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கேழ்வரகில் சத்து இல்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதே. என் உடம்புக்கு அந்தக் கஞ்சி இப்படி, உனக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் ஒட்டிப் பார்க்காமல் இனிமேல் வாயைத் திறக்காதே.

இன்னொன்று சுவாரஸ்யம். அதே சாதம், அதே அளவு. முதலில் பொரியலையும் சுண்டலையும் தின்று முடித்துவிட்டுக் கடைசியில் சாதத்துக்கு வந்தால் ஃபோனில் சர்க்கரைக் கோடு அவ்வளவு உயரம் போவதில்லை. சாப்பிட்ட கையோடு ரயில்வே காலனியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், ஏறிக்கொண்டிருந்த கோடு கண்ணெதிரே வளைந்து இறங்குகிறது. டாக்டர் இருபது வருஷமாகச் சொன்னதுதான். கோடு சொன்ன பிறகுதான் காலில் செருப்பு ஏறியது.

ரேவதி தொல்லையைக் கேள். என் எண்ணெல்லாம் அவள் ஃபோனிலும் தெரிகிற மாதிரி அவளே செய்து வைத்திருக்கிறாள். சந்தையில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறேன், சிங்கப்பூரிலிருந்து ஃபோன்: "அப்பா, 214, மேல் நோக்கி அம்புக்குறி. கையில என்ன?" ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். அந்த வில்லை 8 மணி நேரக் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் ஃபோனில் கொட்டிவிடுகிறது. கட்டிய மனைவிகூட இவ்வளவு கணக்கு வைத்ததில்லை.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஃபோன் அலறியது. 62. மீனா பதறி எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போய்விட்டாள். பழைய மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 118. இடது கையை அடியில் போட்டுப் படுத்திருக்கிறேன்; சென்சார் அமுங்கினால் இல்லாத தாழ்வைக் காட்டுமாம். சிரித்துவிட்டுப் படுத்தோம். அந்த வார இறுதியில் மறுபடி அலறியது. இந்தத் தடவை வலது பக்கம் படுத்திருந்தேன். 58. விரலைக் குத்தினால் 61. பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது, நானோ நல்ல தூக்கத்தில் இருந்தேன். அலாரம் மட்டும் இல்லையென்றால் எழுந்திருக்கவே மாட்டேன் சேகர். காலையில் வழக்கம்போலக் காபிக்கு முன்னால் பார்த்தேன், 128. நல்ல எண். இத்தனை வருஷமாக அந்தக் காலை எண்ணைத்தானே நோட்டில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன்!

மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனை 7 என்று வந்ததும் எல்லோரும் என்னைப் பாராட்டினார்களே. 7 என்றால் சர்க்கரை சராசரியாக 154-ஐ ஒட்டி இருக்கிறது என்று கணக்கு. பகலில் 230-க்கு ஏறி ராத்திரி 60-க்கு விழுந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். ஒர்க்ஷாப்பில் பாய்லர் கேஜை வருஷத்துக்கு நாலு தடவைதான் பார்ப்பேன் என்று நீ சொல்லியிருந்தால் ஃபோர்மேன் உன்னை வாசல் கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பார். உடம்பு விஷயத்தில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அப்பாவின் குழாய் இன்னும் மோசம். ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை வரும். அவருக்கு 160 இருந்தாலும் நீலம், 50-க்கு விழுந்தாலும் அதே நீலம். சில காலை வேளைகளில் காரணமே இல்லாமல் எரிந்து விழுவார், கை நடுங்கும், நாம் கோபம் என்று ஒதுங்கிப்போவோம். அது கோபம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி போடும் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடைப் பாதியாக்கினார். இன்னொரு மாத்திரை மெட்ஃபார்மின் அப்படியே. பொதுவாக 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் 70 சதவீத நேரமாவது இருக்க வேண்டும் என்பது கணக்காம். நம்மைப் போல வயதானவர்களுக்குப் பாதி நேரம் இருந்தாலே போதும், ஆனால் கீழே மட்டும் விழவே கூடாது என்றார். அதற்கப்புறம் ராத்திரி அலாரம் இல்லை.

எனக்கு மாத்திரைதான். நீ இரண்டு வேளை இன்சுலின். என் வீட்டில் பதறி எழ ஒரு ஆள் இருக்கிறாள். கமலா போன பிறகு அந்த வீட்டில் நீ மட்டும்தான். உன் தங்கை மகள் கல்யாணத்தில் மண்டபப் படிக்கட்டில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தாய். கேட்டதற்கு வெயில் என்றாய். ஏசி மண்டபம்டா அது. பல வருஷம் இன்சுலின் போட்டவர்களுக்கு வியர்வை, நடுக்கம் என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையே மழுங்கிப்போகுமாம். அன்றைக்கு உனக்கு வியர்த்தது. இனி வியர்க்காமலே விழுந்தால் யாருக்குத் தெரியும்? பால்காரன் வந்து கதவைத் தட்டும்வரை யாருக்குத் தெரியும்?

அதனால் உனக்கும் ஒன்று ஒட்டியாக வேண்டும். உன் எண் என் ஃபோனிலும் தெரியட்டும். மூன்று மணிக்கு அது அலறினால் நான் உனக்கு அடிக்கிறேன், நீ எடுக்காவிட்டால் எதிர்வீட்டு வாத்தியாருக்கு அடிக்கிறேன். பஜ்ஜியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், சத்தியம்.

விலைதான் இடிக்கிறது. ஒரு சென்சாரே ஆயிரக்கணக்கில் ஆகிறது, இரண்டு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். என்னைப் போல மாத்திரைக்காரர்கள் அவ்வப்போது ஒன்று ஒட்டிப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார் டாக்டர். உன் கதை வேறு, அதை உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் சென்சார் என் செலவு. வாங்கியும் வைத்துவிட்டேன், பணம் கொடுக்க வராதே.

எண்ணைப் பார்த்துவிட்டு இன்சுலின் அளவை நீயாக மாற்றாதே. உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன். அது காட்டுவது ரத்தத்தில் இருப்பதை அல்ல, தோலுக்கடியில் ஊறும் நீரில் இருப்பதை. ரத்தத்துக்கு ஐந்து பத்து நிமிடம் பின்னால்தான் வரும். முதல் நாள் கொஞ்சம் தாறுமாறாகவும் காட்டும். உடம்பு ஒன்று சொல்லி ஃபோன் வேறு சொன்னால் விரலைக் குத்திப் பார். அண்ணாச்சி கடையில் வாங்கி விழுங்குகிறாயே வைட்டமின் சி, அதை டாக்டரிடம் சொல். அளவு கூடினால் எனக்கு வாங்கிய வகை சென்சார் இருப்பதைவிட ஏற்றிக் காட்டும். தாழ்ந்தால் தின்னலாம் என்று சட்டைப்பையில் சாக்லேட் வைத்திருக்காதே, அதிலிருக்கும் கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் சேரும். தாழ்ந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் தஞ்சாவூர் வருகிறேன். டாக்டரிடம் பதினொரு மணிக்கு டோக்கன் போட்டு வை, நானும் உள்ளே வருவேன். சாயங்காலம் கிளம்ப வேண்டும், மீனாவைத் தனியே விட்டு வருகிறேன். வாத்தியார் நம்பரை இன்றைக்கே அனுப்பு.

உன்,
கோபால்