எத்தனை ரூம்னு மட்டும் கேட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு பதிப்புல ஓப்பன் கான்செப்ட் வீடு பத்தி எழுதியிருந்தாங்க, ஹாலு, சாப்பாட்டு மேசை, கிச்சன் எதுக்கும் நடுவுல சுவரே வேணாமாம். படம் அழகாத்தான் இருக்கு. ஆனா பெலாச்சான், அதான் நெடி அடிக்கிற இறால் விழுது, வறுக்குற வீட்டுக்கு இது சரிவருமா? அதனாலதான் எங்க தாமான்ல (குடியிருப்புல) பாதிப் பேரு சாவி வாங்குன கையோட பின்னால வறுக்க தாளிக்கன்னு தனியா ஒரு வெட் கிச்சன் இழுத்துக் கட்டிடுறாங்க.

வீடு வாங்குறப்ப எத்தனை ரூம்னுதான் எல்லாரும் கேக்குறோம், எந்த ரூமுக்கு எது வழியா போறதுன்னு யாரும் கேக்குறதில்ல. ரூமெல்லாம் வரிசையா வச்சு கதவுங்க ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி கட்டுனா அதுக்கு ஆன்ஃபிலாட்னு பேரு, பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனையில ராஜாவோட ரூமுங்க அப்படித்தான், ஒண்ணைத் தாண்டித்தான் அடுத்ததுக்குப் போகணும். அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஷாட்கன் வீடுன்னு இருக்கு, அதுலயும் நடைபாதை கிடையாது, முன்வாசல்லேர்ந்து பின்வாசல் வரைக்கும் ரூம் ரூமாத்தான் போகணும். எங்க தோட்டத்துத் தொழிலாளிங்க இருந்த லயத்து வரிசை வீடு மட்டும் என்னவாம்? முன்னால அஞ்சடி திண்ணை, ஒரு ரூம், பின்னால குசினி, அவ்வளவுதான். அம்மா விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குக் கிளம்புறப்ப பாய்ல கெடக்குற எங்க காலையெல்லாம் தாண்டித்தான் போவாங்க. ராஜாவுக்கு அது பவுசு, நமக்கு வேற வழியில்ல.

இப்ப கட்டுற ஒரு மாடி தெரஸ் வீட்டுக்கு வாங்க. எங்களோடதுல முன்னால ஹாலும் ஒரு ரூமும், பின்னால குசினியும் சின்ன ரூமும். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரு, அதனால பின் ரூமுக்கு வெளிச்சம் காத்து எல்லாமே பின்பக்க ஜன்னல்லதான். குசினிய இழுத்துக் கட்டுனதும் அந்த ஜன்னல் நேரா அடுப்புக்கு மேல திறக்குது, பையன் மத்தியானமே லைட்டு போட்டுத்தான் படிக்கிறான், வெங்காயம் தாளிச்சா கதவைச் சாத்தியும் பிரயோஜனமில்ல. நம்ம மலேசியாவோட 1984 கட்டட விதியில ரூமோட தரை அளவுல ஜன்னல் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, காத்துக்குத் திறக்குறது 5 விழுக்காடாவது இருக்கணும்னு இருக்கு. வீட்ட ஒப்படைக்கிறப்ப அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, நம்மளே பின்னால கட்டி அடைச்சுக்குறோம். கட்டிக் குடுக்குறவரும் அப்புறம் எந்தப் பக்கம் இழுப்பாங்கன்னு முன்கூட்டியே யோசிச்சு நடுவுல வெளிச்சம் காத்து வர்ற மாதிரி மேல திறந்த ஒரு ஏர்வெல் விட்டிருந்தா என்ன கொறைஞ்சிடும்? பாத்ரூம் கதவு வேற சாப்பாட்டு மேசையப் பாத்து திறக்குது, விருந்தாளி வந்தா நாங்க படுற கூச்சம் இருக்கே!

அதனால அடுத்த தடவை வீட்டுப் பக்கம் போடுறப்ப சோபா படத்தைக் கொஞ்சம் கொறைச்சுட்டு ப்ளானைப் போடுங்க சார், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்குது, ஜன்னல் எங்க இருக்கு, பின்னால இழுத்துக் கட்டுனா எந்த ரூம் இருட்டாகும்னு எங்களுக்குப் புரியுற மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்