நோட்டைப் பார்க்காமல் கணக்கு எப்படி வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆன்லைன் வகுப்புகளால் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று உங்கள் இதழில் அலசியிருந்தீர்கள். பல வருடங்களாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். திரையில் பாடம் நடத்துவதில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. பிள்ளைகளின் நோட்டு கண்ணில் படாமல் போவதுதான் சிக்கல்.

வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடியே எட்டிப் பார்ப்பேன். 7 − (4 − 2) என்ற கணக்கில், அடைப்பை நீக்கும்போது குறியை மாற்ற மறந்து 7 − 4 − 2 = 1 என்று எழுதியிருப்பான் ஒருவன். அந்த வரியில் விரலை வைத்தால் போதும், நாக்கைக் கடித்துக்கொண்டு 5 என்று அவனே திருத்திவிடுவான். ஆன்லைன் பயிற்சியில் அதே கணக்கு நான்கு விடைகளோடு வருகிறது. 1-ஐத் தொடுகிறான், சிவப்பு. 5-ஐத் தொடுகிறான், பச்சை. சரி, அடுத்த கணக்கு. எங்கே சறுக்கினான் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்புறம் இயற்கணிதத்தில் அதே தவறு வந்து நிற்கிறது.

பல நாடுகளின் மாணவர்கள் எழுதும் பீசா என்ற சர்வதேசத் தேர்வில், 2022-ல், 15 வயதுப் பிள்ளைகளின் கணித மதிப்பெண் ஓஇசிடி நாடுகளில் (பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பு) சராசரியாக 2018-ஐவிடச் சுமார் 15 புள்ளிகள் குறைந்தது. பழி முழுவதையும் கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பின் மேல் போட மாட்டேன். சில நாடுகளில் சரிவு முன்பே தொடங்கிவிட்டது.

நல்லதும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத பெண், பாடத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்ததாகச் சொல்கிறாள். ஆனால் பார்ப்பது வேறு, போடுவது வேறு. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

அதனால் நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாடத்தை நிறுத்தி, பேப்பரில் ஒரு கணக்குப் போடச் சொல்கிறேன். விடை மட்டும் வேண்டாம், அடித்தல் திருத்தலோடு முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முப்பது பேர் என்றால் அன்றைக்கே பார்த்து முடிக்கலாம். திரையில் இடத்துக்கு என்ன பஞ்சம் என்று மூன்று பிரிவுகளை ஒரே இணைப்பில் சேர்த்துவிட்டால் முடியாது. ஆன்லைன் வகுப்பில் எத்தனை பேர், பிள்ளை எழுதியதை யார் பார்க்கிறார்கள் என்று பெற்றோர்கள் பள்ளியில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை