குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் வீடு தேடி வரும்; படிப்பது அவர்கள் பொறுப்பு.

செயற்குழு விதிப்படி கூடியது. நீர்த்தொட்டிகள் சுத்தம் செய்யப்பட்டன. மாடிப்படி விளக்குகள் மாற்றப்பட்டன.

இதய மீட்புப் பயிற்சி பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆம்புலன்ஸ் இருக்கும்போது நமக்கேன் இந்த வேலை?" என்று கேட்டவர்களுக்கு எழுத்திலேயே பதில் தருகிறேன். இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மருத்துவமனைக்கு வெளியே நேரும் இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்தான் நேர்கின்றன. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவருக்கு நாதி அடுத்த வீட்டுக்காரர்தான்.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பயிற்சிக்கு வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் குழுப்படம் எடுத்ததும் கிளம்பிவிட்டார்கள். இருந்து கற்றவர்களைப் பாராட்டுகிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். சரியான ஆழம் போனால் பயிற்சிப் பொம்மை 'டிக்' என்று ஒலிக்கும். உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடக்கும் நம் இளைஞர் ஒருவர் முழங்கையை மடக்கி மடக்கி அழுத்தினார், சத்தமே இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கையை நேராக ஊன்றி, உடல் எடையைச் சாய்த்தார், விடாமல் ஒலித்தது. அவருக்கும் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. ஆள் மாற வேண்டும் என்பது அதற்காகத்தான். ஒருவருக்குத் தெரிந்தால் போதாது, வீட்டுக்கு இருவராவது வாருங்கள் என்று நான் நச்சரித்ததும் அதற்காகத்தான். விழுந்தவர் விட்டு விட்டு மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து "மூச்சு இருக்கிறதே" என்று ஏமாறக் கூடாது என்பதையும் அன்று வராதவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

மின்னதிர்ச்சிக் கருவியான ஏஇடி வாங்கியாயிற்று. தெரியாமல் ஷாக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் வேண்டாம். இதயத்தின் மின்னோட்டத்தை ஆராய்ந்து, தேவை என்றால் மட்டுமே அது அதிர்ச்சி தரும், செய்ய வேண்டியதைக் குரலிலும் சொல்லும். ஆனால் களவு போய்விடுமாம். எனவே அலுவலக அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். சாவி ஒருவரிடம். அவர் ஊரில் இல்லாத நாளில் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்பதே நம் இப்போதைய ஏற்பாடு. எனது ஆட்சேபணை நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளது.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், விவரம் பொருளாளரிடம். கருவியின் பேட்டரிக்கும் நெஞ்சில் ஒட்டும் பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. சந்தா நிலுவைக்கும் அப்படி ஒன்று இருப்பதாகச் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், இல்லை.

தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் பயிற்சியளித்த செவிலியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஏஇடி பெட்டியை வெளிச்சுவரில் மாட்டவும், மறுபயிற்சிக்கு நாள் குறிக்கவும் இக்கூட்டம் இன்றே தீர்மானித்தால், வேறு பெயர் எதுவும் முன்மொழியப்படாத நிலையில், தொடர்வது குறித்து யோசிக்கலாம்.

இங்ஙனம்,
செயலாளர்