புளியரை மலைச்சாலையில் கைகொடுத்தவர்களுக்கு

செங்கோட்டையிலிருந்து கேரளம் போகும் மலைச்சாலையில், மாநில எல்லையை ஒட்டிய புளியரை எஸ் வளைவில் விபத்து என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவரும் லாரி ஓட்டுநர்களுக்கும், டீக்கடைக்காரர்களுக்கும், ஆரியங்காவுப் பக்கத்துச் சேட்டன்மாருக்கும், மாலை போட்ட சாமிகளுக்கும் வணக்கம்.

முதல் நன்றி, கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவருக்கு. "யாராவது ஆம்புலன்ஸ கூப்பிடுங்கப்பா" என்று பொதுவாகக் கத்தாமல், "நீலச்சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிங்க, தம்பி, நீ மேல போய் வண்டிய நிறுத்து" என்று ஆளைக் காட்டிச் சொல்கிறீர்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் நடத்திய ஒரு சோதனை 1968-இல் வெளியானது. வேறோர் அறையில் ஒருவர் வலிப்பில் திணறுவது போன்ற குரலைக் கேட்கவைத்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் ஓயும் முன்பே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. கை நடுங்க, பதறியபடிதான் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பு ஐந்து பங்காகிப் போனதுதான் காரணம். நீங்கள் விரல் நீட்டியதும் அது முழுசாக ஒருவர் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்து, தோள்துண்டை மடித்து, ரத்தம் கொட்டும் காயத்தின்மேல் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியவர்களுக்கு. நடுவில் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பெயர்ந்து மறுபடி ஒழுகும். நனைந்த துணியை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்தீர்கள். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் புகட்ட வந்தவரைத் தடுத்தவருக்குத் தனி நன்றி. சுற்றி நிற்பவர்கள் ஏசுவார்கள் என்று தெரிந்தே தடுத்தீர்கள். அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

வளைவுக்கு மேலே ஏறிப் போய், இறங்கிவரும் லாரிகளுக்குத் துண்டை வீசிக் காட்டியவர்களை யாரும் கவனிப்பதில்லை. பாரவண்டி இறக்கத்தில் சட்டென நிற்காது. வளைவு கண்ணில் படும் முன்பே ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும்.

எல்லையில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கிறதோ, அந்த மாநில 108-க்கு அழைப்பு போகலாம். மலையாளம் கேட்டதும் வைத்துவிடாமல், பக்கத்திலிருந்த சேட்டனிடம் கொடுத்து, "புளியரை, தமிழ்நாட்டுப் பக்கம்" என்று சொல்லவைத்தவர்களுக்கும் நன்றி.

கேஸ், கோர்ட்டு என்று அலையவேண்டி வருமோ என்ற பயத்தோடே ஆஸ்பத்திரி வரை வந்தவர்களே, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு உங்களுக்குத்தான். பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட கேரளத்துக்காரருக்கும் அப்படியே.

இப்படிக்கு,
செங்கோட்டை வட்டார முதலுதவிப் பயிற்றுநர்கள்