நெகட்டிவ் பெட்டிகளை எடைக்குப் போடாதீர்கள்

தமிழ்நாட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும், ஒரு காலத்தில் வைத்திருந்த அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

ஃபிலிமுக்குத் திரும்புங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. ரோலைக் கழுவி முடிக்கும்வரை படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறாரா என்று தெரியாமல் தவித்த தொழில் அது. டிஜிட்டலுக்கு மாறியது சரிதான். ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸையே மூடிவிடுவது என்று 2014இல் மத்திய அரசு முடிவெடுத்தது. 1975இலேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்த கோடாக், 2012இல் திவால் மனு போட்டது. உங்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

என் கவலையெல்லாம் பரணில் கிடக்கும் நெகட்டிவ் பெட்டிகளைப் பற்றித்தான். கடையைக் காலி செய்யும்போது முதலில் வெளியே போவது அவைதான். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உருவமே வெள்ளியால் ஆனது. அதனால் எடைக்கு வாங்க ஆள் உண்டு. கலர் நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி போய்விடும், மிஞ்சுவது சாயம் மட்டும். அது நேராகக் குப்பைக்கு.

வாடிக்கையாளர் வீட்டுப் பிரிண்ட் கறையான் அரித்தோ மழையில் நனைந்தோ எப்போதோ போயிருக்கும். வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் குடும்பம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம், இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படம் என்று ஒரு ஊரின் முகமே உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது. முகத்தைத் திருத்த, பென்சிலால் நெகட்டிவின் மேலேயே நீங்கள் செய்த டச்சிங்கும் அதில் உண்டு. அந்தக் கைவேலையைப் பிரிண்டில் தேடினால் கிடைக்காது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணத் திட்டம் ஒன்றின் கீழ், தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. (ஃபிலிமை ஓரங்கட்டிய டிஜிட்டல்தான் இப்போது அதைக் காப்பாற்றவும் வருகிறது.) ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை ஊருக்குப் போகும்?

உங்களால் முடிந்தது இதுதான். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அந்த நெகட்டிவ்களைத் தனியே எடுத்துவிடுங்கள். விட்டால் மற்றவையும் கெடும். தகரக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கவர் எண்ணும் பெயரும் எழுதிய ரெஜிஸ்டர் நோட்டு இருந்தால் அதையும் கூடவே வையுங்கள். அது இல்லாவிட்டால் யார் முகம் என்றே தெரியாது.

இடமே இல்லையா? அப்போதும் எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், ‘பழைய நெகட்டிவ் வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்’ என்று கடை வாசலில் ஒரு போர்டு வையுங்கள். விலை சொல்லியே கொடுங்கள், தப்பில்லை.