எல்லாத்துக்கும் அஞ்சு போட்டால் அளந்ததாகுமா?

திருகோணமலை மாவட்டத்தில் உளவளத்துணை செய்பவர்களுக்கும் அதை மேற்பார்ப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வாசிக்க எழுதச் சிரமப்படும் துணைநாடிகளுக்கு, அதாவது உளவளத்துணை நாடி வருபவர்களுக்கு, உங்கள் கருத்துக்கணிப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. துணைநாடி தன் உளவளத்துணையாளரோடு எவ்வளவு ஒன்றிப்போகிறார், அதாவது அவருடைய போக்கை எவ்வளவு தனக்குள் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் இனி அளக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அளக்கலாம். ஆனால் இப்போதுள்ள படிவத்தின் அடியில் "அவரைப் போல நடக்க விரும்புகிறேன்" என்று ஒரு வரியைச் சேர்த்து, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி கேட்காதீர்கள்.

மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், நான் முதல் கேள்வியை வாசித்து முடிக்கவில்லை, "எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்கோ பிள்ளை, மிஸ்ஸுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது" என்றார். மிஸ் என்றது தன் உளவளத்துணையாளரை. அவர் சொன்னது தன் நன்றியை. உதவி செய்தவருக்குப் புள்ளி குறைக்க நம்மூரில் யாருக்கு மனம் வரும்?

துணைநாடிக்கும் உளவளத்துணையாளருக்கும் இடையிலான ஒத்துழைப்பை அளக்கக் கருவிகள் உண்டு. இலக்கு, செய்யவேண்டிய வேலை, இருவருக்கும் இடையிலான பிணைப்பு என்று மூன்றாகப் பிரித்து உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979 இல் எழுதினார். அதை வைத்து 1989 இல் 36 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் வந்தது. நல்ல படிவம்தான். ஆனால் உளவளத்துணையாளரோடு நன்றாக ஒத்துழைத்துவிட்டு, அவரிடமிருந்து ஒன்றையும் தனக்குள் எடுத்துக்கொள்ளாமல் ஒருவர் வீடு திரும்பலாம். ஒன்றிப்போதல் வேறு விஷயம்.

அதற்குப் பொருத்தம் என்று நான் நினைப்பது உளவியலாளர் ஜோர்ஜ் கெலி 1955 இல் வெளியிட்ட முறை. அம்மா, மாமியார், பிடிக்காத அயலவர், மதிக்கும் ஒருவர், உளவளத்துணையாளர், "இப்போதைய நான்", "ஆக விரும்பும் நான்" என்று ஆட்களைத் துண்டுகளில் எழுதவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சிப்பியும் கல்லும் வைத்தாலும் சரி. மூன்று மூன்றாக எடுத்து, இதில் எந்த இருவர் ஏதோ ஒரு விதத்தில் ஒரே மாதிரி, மற்றவர் எப்படி வேறு என்று கேட்கவேண்டும். "கோபம் வந்தாலும் குரல் உயராது", "எடுத்ததும் ஏசும்" என்று அளவுகோல் துணைநாடியின் வாயிலிருந்தே வரும். அப்புறம் ஒவ்வொரு அளவுகோலிலும் எல்லோருக்கும் ஒன்று முதல் ஏழு வரை புள்ளி. "இப்போதைய நான்" வாங்கிய புள்ளிகளும் உளவளத்துணையாளர் வாங்கிய புள்ளிகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று கூட்டினால் தூரம் கிடைத்துவிடும். எதற்கு அஞ்சு போட்டால் மிஸ்ஸுக்கு நல்லது என்று இதில் ஊகிப்பது லேசில்லை.

இதையே பிறகு மறுபடியும் செய்து, தூரம் மாறியதா என்று பார்க்கும்போதுதான் கவனம் வேண்டும். "ஆக விரும்பும் நான்" மட்டும் உளவளத்துணையாளருக்குக் கிட்ட வந்து, "இப்போதைய நான்" நின்ற இடத்திலேயே நின்றால், அவர் மிஸ்ஸைச் சாமி அறையில் வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். இன்னொரு வில்லங்கம், யார் நகர்ந்தது என்பது. துணைநாடி தன்னுடைய புள்ளியைத் தொடாமல், "அவவும் என்னைப் போலப் பயந்தவதான்" என்று மிஸ்ஸின் புள்ளியை மாற்றினாலும் தூரம் குறையும். ஆகவே பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். முதல் வாரங்களிலேயே ஒரு தாள் எடுத்திருக்கவும் வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் உறவை இழந்தவர், அதே அலையில் உறவை இழந்த உளவளத்துணையாளர் முன்னால் வந்து உட்காரக்கூடிய மாவட்டம் இது. அங்கே தூரம் முதல் நாளே குறைவாக இருக்கலாம்.

தூரம் குறைவதே வெற்றி என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே 1955 இல் உளவியலாளர் டேவிட் ரோசென்தால் உளச்சிகிச்சை பெற்ற 12 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், குணம் கண்டவர்களின் ஒழுக்க மதிப்பீடுகள் சிகிச்சையாளரின் மதிப்பீடுகளை நோக்கி நகர்ந்திருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்குப் பயம் தருகிறது. அடிக்கிற கணவனோடு பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போவதுதான் சரி என்று மனதுக்குள் நம்பும் உளவளத்துணையாளரோடு ஒரு பெண் ஒன்றிப்போனால், அந்தத் தாளில் எண் அழகாகத்தான் இருக்கும்.

கிண்ணியாப் பக்கத்து இளைஞர் ஒருவர் சொன்னது வேறு மாதிரி. தம்பியோடு சண்டை முற்றும் நேரத்தில், "பொறு, முதல்ல என்ன நடந்ததெண்டு சொல்லு" என்று தன்னையறியாமல் கேட்டாராம். அது அவருடைய உளவளத்துணையாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. மதமோ கருத்தோ ஒட்டவில்லை, கேட்கும் விதம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்படியானவற்றை எழுத எண்களுக்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள்.

கேள்வி கேட்பவர் அந்த உளவளத்துணையாளராக இருக்கக்கூடாது. வருகிற எண் எந்த உத்தியோகத்தரின் பதவி உயர்வுக்கும் போகக்கூடாது. நேரம் எடுக்கும் வேலை இது, ஆகவே சம்மதித்த சிலரோடு மட்டும் தொடங்குங்கள். கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றும் தாருங்கள். இப்போது நாங்கள் படிவம் நிரப்பும் விறாந்தையில், மிஸ்ஸின் காதில் விழும் தூரத்தில், இதைச் செய்ய முடியாது.

இப்படிக்கு,
தொண்டர் ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை